கை மாறும் கேள்வி

கோஷம் கலையாகாது என்று பலரும் எழுதியாயிற்று. நானும் எழுதியிருக்கிறேன். அந்தத் தீர்ப்பை நிம்மதியாக வைத்துக்கொள்ள விடாதவர் பிரேஸில் கலைஞர் ஸில்டோ மெய்ரெலஸ்.

1970. ராணுவ ஆட்சி, தணிக்கை. கொக்கோ-கோலா பாட்டில்கள் காலியானதும் ஆலைக்குப் போய், நிரம்பி, மறுபடி கடைக்கு வந்த காலம். மெய்ரெலஸ் காலி பாட்டில்களில் அமெரிக்க எதிர்ப்பு வாசகங்களை வெள்ளை எழுத்தில் பதித்துத் திருப்பி அனுப்பினார். காலி பாட்டிலில் எழுத்து அவ்வளவாகப் புலப்படாது. கறுப்புப் பானம் நிரம்பியதும் துலங்கும். விநியோகச் செலவு கம்பெனியுடையது.

1975 அக்டோபரில் ஸாவோ பாவ்லோவில் பத்திரிகையாளர் விளாடிமிர் ஹெர்ஸோக் ராணுவக் காவலில் இறந்தார். தற்கொலை என்றது ராணுவம். அவரைக் கொன்றது யார் என்ற கேள்வியைக் குரூஸெய்ரோ நோட்டுகளில் ரப்பர் ஸ்டாம்பால் குத்திப் புழக்கத்தில் விட்டார் மெய்ரெலஸ்.

நோட்டு எண்ணிப் பிழைப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம். கிறுக்கிய நோட்டை யாரும் விரும்புவதில்லை. யாரும் கிழித்துப் போடுவதுமில்லை. அடுத்தவன் தலையில் கட்டிவிடுவார்கள். மெய்ரெலஸ் நம்பியது ஜனங்களின் தைரியத்தை அல்ல, இந்தச் சில்லறைச் சுயநலத்தை. பயந்தவனும் கேள்வியைச் சுமந்துபோனான்.

ஆனால் சுமந்தவன் கேட்டவனாகிவிடுவதில்லை. இங்கேதான் காதெ கோல்விட்ஸ் ஞாபகம் வருகிறார். 1844இன் சைலீஷிய நெசவாளர் கிளர்ச்சி பற்றி ஹாப்ட்மன் எழுதிய நாடகத்தைப் பார்த்த உந்துதலில் அவர் ஆறு அச்சுப்படங்கள் செய்தார். 1898இல் பெர்லின் கண்காட்சியில் நடுவர் குழு அவற்றுக்குப் பதக்கம் சிபாரிசு செய்தது. கைஸர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்தார். கடைசிப் படத்தில் செத்தவர்களைத் தறி நிற்கும் அதே அறைக்குத் தூக்கி வருகிறார்கள். கோஷமில்லை. தோல்வியின் கனம் மட்டும். நோட்டில் இந்த அனுபவம் கிடையாது.

கோல்விட்ஸின் படத்தைச் சுவரில் மாட்டினால் அது குறைந்துபோவதில்லை. மெய்ரெலஸின் பாட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் போனதும் செத்துவிடுகிறது. 1970இலேயே நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் இந்த வேலைக்கு இடம் கொடுத்துவிட்டது. யாருக்கு எதிராகக் கிளம்பியதோ அவர்கள் ஊரிலேயே மரியாதை.

2013இல் ஹெர்ஸோகின் மரணச் சான்றிதழ் திருத்தப்பட்டது. சித்திரவதையில் ஏற்பட்ட காயங்களே காரணம் என்று. நோட்டுகள் அதைச் சாதித்தன என்று சொல்லமாட்டேன். கோஷம் பற்றிய என் தீர்ப்பையும் முழுக்க வாபஸ் வாங்கவில்லை. ஆனால் அப்படியொரு நோட்டு என் கவுண்டருக்கு வந்தால் வாங்குவேனா, வேறு நோட்டு கொடுங்கள் என்பேனா? வாங்குவேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.