சாலை வளைவிலிருந்து ஒரு மலை

கொடைக்கானலைப் பற்றி நான் படித்த புதுக்கவிதைகளில் ஏரி, பனி, பைன் மரம் மூன்றும் அநேகமாகத் தவறுவதில்லை. கடைசியில் மௌனம். இயற்கையின் மௌனமாம். அந்த ஏரி 1863-ல் லெவிஞ்ச் என்ற மதுரைக் கலெக்டர் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கியது. பைன்கள் வரிசை பிடித்து நடப்பட்டவை. ஊரே 1845-ல், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் கட்டிய பங்களாக்களிலிருந்து வளர்ந்தது. ஆக, இயற்கை என்று நாம் உருகுவது யாரோ தம் சௌகரியத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு. இதை அறிவதால் கவிதை கெட்டுவிடாது. அறியாததால் கெட்டிருக்கிறது என்பதே என் கட்சி.

பூம்பாறைக்குப் போகும் சாலையில், ஊருக்கு மேலே, வண்டிகள் நிற்கிற வளைவு ஒன்று உண்டு. அங்கிருந்து ஊர் ஒரு படம்: நெருங்கிய கூரைகள், படிப்படியாக இறங்கும் வயல்கள், குழந்தை வேலப்பர் கோவில். வயலில் இருப்பது பூண்டு என்பது அந்த உயரத்திலிருந்து தெரியாது. அது மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போவதும், அங்கே சொல்லப்படும் விலையும் தெரியாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரசாங்கப் பதிவேட்டின் கண்ணில் பட்டது நம் கவிஞர்கள் கண்ணில் படவில்லை.

திணை மரபு இப்படிப் பார்க்கவில்லை. தெய்வத்தோடும் மரத்தோடும் உணவையும் தொழிலையும் கருப்பொருளில் சேர்த்தது. தினைப்புனம் காப்பது வேலை. காதல் அந்த வேலைக்கு நடுவில் நடந்தது. நாம் உரிப்பொருளை மட்டும் பிய்த்தெடுத்து அதைக் குறிஞ்சி என்கிறோம்.

மேற்கைப் பார்த்துக் கெட்டோம் என்றும் சொல்ல முடியாது. வேர்ட்ஸ்வொர்த்தின் 'மைக்கேல்' (1800) ஒரு மலைப் பள்ளத்தாக்கின் கிழ ஆட்டிடையனைப் பற்றியது. சகோதரன் மகனுக்கு ஜாமீன் நின்றதில் நிலம் போகும் நிலை, கடனை அடைக்க மகனைப் பட்டணத்துக்கு அனுப்புகிறான், மகன் திரும்புவதில்லை. அவரிடமிருந்து பனியை வாங்கிக்கொண்டோம், ஜாமீனை விட்டுவிட்டோம்.

மலையில் பிறந்தவன்தான் மலையை எழுத வேண்டும் என்பதில்லை. வெள்ளைக்காரன் டெவில்ஸ் கிச்சன் என்று பெயரிட்ட இடம், 1991-ல் வந்த ஒரு சினிமாவுக்குப் பிறகு குணா குகை ஆயிற்று. இரண்டுமே வந்து போனவர்கள் வைத்த பெயர்கள். வந்து போகிறவனும் எழுதலாம். ஆனால் வந்து போகிறவனாக எழுத வேண்டும். தான் நிற்பது சாலை வளைவில் என்பது கவிதைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துவிட்டால், மௌனம் என்று எழுதக் கை கூசும். கீழே வயலில் பேச்சு நடக்கிறது; நாம் நிற்கும் தூரத்துக்குக் கேட்கவில்லை.