கம்ப்யூட்டருக்கு ஜுரம்

உங்கள் கம்ப்யூட்டர் திடீரென்று மாட்டுவண்டி வேகத்தில் ஊர்ந்தால் 'வைரஸ்' என்பீர்கள். இல்லையென்றால் 'பழசாயிருச்சு, புதுசு வாங்கணும்' என்பீர்கள். வாங்குமுன் அதற்கு ஜுரமா என்று பாருங்கள். பிராசஸர் சூடு எல்லை மீறினால் உடனே எரிந்துபோகாது. தானாக வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் பிழைக்கும். பல சமயம் குற்றவாளி, ஃபேனில் அடைந்த தூசிதான்.

லினக்ஸில் இதற்கான தெர்மாமீட்டர் 'சென்சார்ஸ்' என்ற கட்டளை. 'எல்.எம். சென்சார்ஸ்' என்ற தொகுப்பில் வருகிறது, இலவசம். டெர்மினலில் டைப் அடித்தால் பிராசஸரின் வெப்பம் வரும். பல பிராசஸர்களில் பக்கத்திலேயே அபாய வரம்பும் போட்டிருக்கும். முன்னால் 'வாட்ச்' சேர்த்தால் 2 விநாடிக்கு ஒருமுறை புதுசாகக் காட்டும். படம், பொம்மை, கலர் முள் எதுவும் கிடையாது. அந்தச் சிக்கனம் எனக்குப் பிடித்திருக்கிறது.

குறை? எண்களைக் கொட்டுகிறதே தவிர, எதை நம்பலாம் என்று சொல்வதில்லை. மதர்போர்டில் எதுவுமே இணைக்காத ஒரு முனைகூட சில சமயம் 127 டிகிரி என்று கூசாமல் புளுகும். முதல் தடவை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும்.

சில்லு செய்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இன்டெல் கோர்களில் உள்ள உணரி, உச்சவரம்புக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். மென்பொருள் அதை வரம்பிலிருந்து கழித்து நமக்குக் காட்டுகிறது. வரம்பைத் தப்பாக ஊகித்தால் விடையும் தப்பு. 2017-ல் ஏ.எம்.டி. இன்னும் ஒரு படி மேலே போய், ரைஸன் 1800எக்ஸ் போன்ற சில மாடல்களில் நிஜ வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டியே சொல்ல வைத்தது. எல்லா மாடலிலும் ஃபேன் ஒரே மாதிரி சுழல வேண்டுமாம்! 58 டிகிரியை 78 என்று படித்துப் பதறியவர்கள் பாவம். பிற்பாடு லினக்ஸ் டிரைவர் அந்த 20-ஐக் கழிக்கக் கற்றுக்கொண்டது.

எனவே எண்ணைவிட வித்தியாசத்தை நம்புங்கள். சும்மா இருக்கும்போது எவ்வளவு, ஒரு வீடியோவை கன்வர்ட் செய்யும்போது எவ்வளவு என்று இன்றைக்கே ஒரு சீட்டில் குறித்து வையுங்கள். 6 மாதம் கழித்து அதே வேலைக்கு 15 டிகிரி கூடியிருக்கிறதா? கத்திரி வெயிலாக இருந்தால் அதற்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். மீதி தூசியின் கணக்கு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து ஒரு சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுங்கள்.

புது கம்ப்யூட்டர் வாங்குவது அதற்கப்புறம்.