பதினெட்டாவது ஓவருக்கு எத்தனை புள்ளி?

2025 ஆகஸ்டில் மைசூர் ஸ்ரீகண்டதத்த நரசிம்மராஜ உடையார் மைதானத்தில் கர்நாடகத்தின் மகாராஜா டிராபி டி20 நடந்துகொண்டிருந்தது. ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கின் வாசலில் நேர்ந்த நெரிசல் துயரத்துக்குப் பிறகு அந்தப் போட்டியை மைசூருக்கு மாற்றியிருந்தார்கள். ஆட்டங்கள் சூடுபிடித்திருந்த நேரத்தில், ஆகஸ்ட் 21 அன்று, ஆன்லைன் விளையாட்டு மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. மறுநாளே குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. பணம் கட்டி ஆடும் ஃபேண்டஸி போட்டிகளை ட்ரீம்11 உள்ளிட்ட செயலிகள் நிறுத்திவிட்டன.

அந்தச் சட்டம் சரியா தவறா என்பது வேறு பக்கத்தில் பேசவேண்டிய விஷயம். விளையாட்டை அலசுகிறவனுக்கு அதில் ஒரு லாபம் உண்டு. பரிசுப் பணம் போனபின் எஞ்சியிருப்பது நண்பர்கள் தங்களுக்குள் ஆடும் ஆட்டம்தான். எதற்கு எத்தனை புள்ளி என்பதை இனி செயலி முடிவு செய்யவேண்டியதில்லை, நாமே எழுதிக்கொள்ளலாம். முதலில் திருத்தி எழுதவேண்டிய வரி, கடைசி ஐந்து ஓவரைக் காக்கும் பந்துவீச்சாளருக்கானது. செயலிகளின் பழைய புள்ளி அட்டவணை மிக மோசமாக எடைபோட்டது அவரைத்தான்.

2024 ஜூன் 29, பார்படாஸ், டி20 உலகக் கோப்பை இறுதியாட்டம். அக்சர் படேலின் 15-ஆவது ஓவரில் 24 ரன் போய்விட்டது. தென்னாப்பிரிக்கா 147-க்கு 4. வெற்றிக்கு 30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட், களத்தில் க்ளாசனும் மில்லரும். அதன்பின் 16-ஆவது ஓவர் பும்ரா, 4 ரன். 17-ஆவது ஹர்திக் பாண்டியா, க்ளாசன் அவுட், 4 ரன். 18-ஆவது மீண்டும் பும்ரா, யான்சன் போல்டு, 2 ரன். 19-ஆவது அர்ஷ்தீப், 4 ரன். கடைசி ஓவருக்கு 16 ரன் பாக்கி. ஹர்திக் வீச, சூர்யகுமார் எல்லைக்கோட்டில் மில்லரின் கேட்சைப் பிடிக்க, இந்தியா 7 ரன்னில் வென்றது.

இந்த ஆட்டத்தைப் பழைய அட்டவணையில் போட்டுப் பாருங்கள். விக்கெட்டுக்கு 25, போல்டு அல்லது எல்பிடபிள்யூ என்றால் கூடுதலாக 8, மூன்று விக்கெட் எடுத்தால் 4, எகானமி ஐந்துக்குக் கீழே என்றால் 6, ஆறிலிருந்து ஏழுக்குள் என்றால் 2. ஹர்திக் 3 ஓவரில் 20 ரன் கொடுத்து 3 விக்கெட், பந்துவீச்சில் மட்டும் 81 புள்ளி. பும்ரா 4 ஓவரில் 18 ரன், 2 விக்கெட், இரண்டுமே போல்டு: 72 புள்ளி. கோப்பையை யார் காப்பாற்றியது என்று அன்று ஆட்டம் பார்த்த யாரைக் கேட்டாலும் பும்ராவின் பெயர்தான் முதலில் வரும். புள்ளிப்பட்டியல் ஹர்திக்கை முன்னால் நிறுத்தியது. ஹர்திக் அன்று செய்ததும் சாதாரணமல்ல. ஆனாலும் அந்த ஒன்பது புள்ளி இடைவெளி தலைகீழாக இருந்திருக்கவேண்டும்.

விக்கெட் எங்கே விழுந்தது, எப்போது விழுந்தது என்று அட்டவணை பார்ப்பதில்லை. இதைக் கர்நாடகத்துக்காரர் ஒருவரின் ஓவர் இன்னும் தெளிவாகக் காட்டும். 2019 நவம்பர் 29, சூரத், சையது முஷ்டாக் அலி அரையிறுதி. ஹரியானா 19 ஓவரில் 192-க்கு 3. கடைசி ஓவரை வீசிய அபிமன்யு மிதுன் முதல் நான்கு பந்துகளில் நான்கு பேரை அனுப்பினார். ஒரு வைடு, ஒரு சிங்கிள், கடைசிப் பந்தில் ஐந்தாவது விக்கெட். ஹரியானா 194-க்கு 8. ஒரே ஓவரில் ஐந்து விக்கெட் என்பது வாழ்நாள் சாதனை, சந்தேகமில்லை. ஃபேண்டஸியில் விக்கெட்டுக்கே 125 புள்ளி. அவரைக் கேப்டனாகப் போட்டிருந்தால் அது இரட்டிப்பு.

ஆனால் அவருடைய மொத்தக் கணக்கு 39 ரன்னுக்கு 5. அதாவது முதல் மூன்று ஓவரில் 37 ரன் போயிருந்தது, விக்கெட் இல்லை. கடைசி ஓவரில் மட்டையாளர்கள் ஒவ்வொரு பந்தையும் கண்ணை மூடிக்கொண்டு தூக்கினார்கள். ஏழு விக்கெட் கையிலிருக்கும்போது அவுட் ஆவதில் அவர்களுக்கு இழப்பு ஏதுமில்லை. முதல் இன்னிங்ஸின் கடைசி ஓவரில் விழும் விக்கெட்தான் கிரிக்கெட்டிலேயே மலிவான விக்கெட். அட்டவணையோ முதல் ஓவரில் தொடக்க வீரரை வீழ்த்தினாலும் 25, இருபதாவது ஓவரில் கடைசி ஆளை வீழ்த்தினாலும் 25 என்று ஒரே விலை போடுகிறது. ஐபிஎல்லின் ஊதாத் தொப்பிக்கும் இதே கண்தான். 2025-ல் 25 விக்கெட்டுடன் அதை வென்ற பிரசித் கிருஷ்ணா, அதற்கு முந்தைய ஆண்டு மகாராஜா டிராபியில் மைசூர் வாரியர்ஸ் பட்டியலில் இருந்தவர். தொப்பி அவருடைய விக்கெட்டை எண்ணியது. எந்த ஓவரில் என்று கேட்கவில்லை.

அமெரிக்கர்கள் இந்தக் குழியில் நமக்கு முன்பே விழுந்தவர்கள். பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்சர். ஆட்டத்தைத் தொடங்குபவர் களைத்ததும் ரிலீவர்கள் வருவார்கள். வெற்றியைப் பூட்டுவதற்குக் கடைசி இன்னிங்ஸில் வருபவர் க்ளோசர். தன் அணி மூன்று ரன்னுக்குள் முன்னிலையில் இருக்கும்போது வந்து, ஒரு இன்னிங்ஸ் வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தால் அவர் கணக்கில் ஒரு சேவ் ஏறும். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் கொண்டுவந்த இந்தக் கணக்கை 1969-ல் அதிகாரபூர்வமாக ஏற்றார்கள். 1980-ல் டேனியல் ஓக்ரென்ட்டும் நண்பர்களும் நியூயார்க்கில் ஃபேண்டஸி பேஸ்பாலைத் தொடங்கியபோது, அணிகளை ஒப்பிடும் அளவைகளில் சேவும் ஒன்றானது.

விளைவைப் பாருங்கள். எட்டாவது இன்னிங்ஸில் எதிரணியின் மிகச் சிறந்த மூன்று பேரைச் சமாளித்தவருக்குச் சேவ் கிடையாது. ஒன்பதாவதில் மூன்று ரன் மெத்தையோடு வந்து பின்வரிசையை வீழ்த்துபவருக்குச் சேவ் உண்டு. ஃபேண்டஸி ஆடுபவர்கள் சேவை வாங்கினார்கள், அது சரி. பயிற்சியாளர்களும் அந்த எண்ணிக்கைக்கு ஏற்றபடி ஆட்களைப் பயன்படுத்தத் தொடங்கியதுதான் வினோதம். 2016-ல் பால்டிமோர் அணியின் ஸாக் பிரிட்டன் 47 சேவ் வாய்ப்பில் 47-ஐயும் காத்தார். அக்டோபரில் டொரான்டோவில் தோற்றால் வெளியேற்றம் என்ற ஆட்டம், ஸ்கோர் சமம், பதினோராவது இன்னிங்ஸ். முன்னிலை கிடைக்கட்டும் என்று பயிற்சியாளர் பக் ஷோவால்டர் பிரிட்டனை வெளியிலேயே வைத்திருந்தார். உபால்டோ ஹிமெனஸ் வீசினார், என்கார்னசியோன் அடித்த ஹோம் ரன்னோடு ஆட்டமும் சீசனும் முடிந்தன. அந்த ஆண்டின் தலைசிறந்த க்ளோசர் ஒரு பந்துகூட வீசவில்லை.

ஒரு க்ளோசரை எடைபோடும்போது ஒன்றோடொன்று கலந்து நிற்கும் இரண்டைப் பிரித்தாகவேண்டும் என்று பிரிட்டன் கதை சொல்கிறது. திறமை பந்துவீச்சாளருடையது. வேலை கேப்டன் கொடுப்பது. சேவும், கடைசி ஓவர் விக்கெட்டும் பெரும்பாலும் வேலையையே அளக்கின்றன.

கேப்டன் எப்படிக் கொடுக்கிறார் என்பதற்கு நம் தமிழ்நாட்டு ரசிகர்கள் மறக்காத இரண்டு இறுதியாட்டங்கள் இருக்கின்றன. மிதுனின் ஐந்து விக்கெட்டுக்கு இரண்டு நாள் கழித்து, 2019 டிசம்பர் 1, அதே சூரத், கர்நாடகத்துக்கு எதிராகத் தமிழ்நாடு. கடைசி ஓவரில் 13 ரன் வேண்டும். கேப்டன் மணீஷ் பாண்டே பந்தைக் கொடுத்தது சுழற்பந்து வீசும் கிருஷ்ணப்பா கௌதமிடம். அஷ்வின் முதல் இரண்டு பந்தையும் பவுண்டரிக்கு அனுப்பினார். பாக்கி நான்கு பந்தில் ஐந்து ரன். வரவில்லை, கர்நாடகம் ஒரு ரன்னில் கோப்பையைத் தூக்கியது. 2021 நவம்பர் 22, தில்லி, மீண்டும் அதே இரு அணிகள், மீண்டும் பாண்டே கேப்டன். கடைசி ஓவரில் 16 ரன் வேண்டும், வீசியவர் இடக்கைச் சுழலர் பிரதீக் ஜெயின். கடைசிப் பந்தில் 5 ரன் தேவை என்றபோது ஷாருக் கான் சிக்ஸர் அடித்தார். கோப்பை சென்னைக்கு.

ஒரே கேப்டன், ஒரே வகை முடிவு, முடிவுகள் இரண்டு. கௌதம் 11 ரன் கொடுத்து வீரரானார். அஷ்வினின் மட்டையிலிருந்து இன்னொரு பந்து இடைவெளியில் போயிருந்தால் அதே ஓவர் வசையாகியிருக்கும். இத்தகைய ஒற்றை ஓவரை வைத்துப் பந்துவீச்சாளருக்குப் பட்டம் கட்டுவது பேதைமை. 1993 ஹீரோ கோப்பை அரையிறுதியில் தென்னாப்பிரிக்காவுக்குக் கடைசி ஓவரில் 6 ரன் தேவைப்பட்டபோது, கபில்தேவுக்கும் மைசூர்க்காரரான ஜவகல் ஸ்ரீநாத்துக்கும் ஓவர் பாக்கியிருந்தும் அசாருதீன் டெண்டுல்கரைக் கூப்பிட்டார். மூன்றே ரன் போனது, இந்தியா இரண்டு ரன்னில் வென்றது. அதற்காக அன்றிலிருந்து டெண்டுல்கரைக் கடைசி ஓவர் நிபுணர் என்று யாரும் கணக்கில் எழுதவில்லை. பின்னாளில் ஒருநாள் ஆட்டத்தில் 315 விக்கெட் எடுத்த ஸ்ரீநாத்தின் மதிப்பும் அதனால் குறையவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? மகாராஜா டிராபியில் ஆறு அணிகள், லீக் சுற்றில் ஒவ்வொன்றுக்கும் பத்து ஆட்டம். ஒருவர் ஆட்டத்துக்கு இரண்டு இறுதி ஓவர் வீசினாலும் மொத்தம் 120 பந்துதான். அதில் விக்கெட் எண்ணிக்கை நான்கு கூடுவதும் குறைவதும் அதிர்ஷ்டம். சீக்கிரம் நிலைப்படுவது வேறு விஷயங்கள்: வைடு எத்தனை, யார்க்கர் முயன்று ஃபுல் டாஸாகப் போனது எத்தனை, பவுண்டரி போகாத பந்து எத்தனை, ஸ்லோ பாலை வேகப் பந்தின் அதே கைவீச்சில் போட முடிகிறதா. பேஸ்பாலில் விவரமானவர்கள் சேவைத் தள்ளிவைத்துவிட்டு ஸ்டிரைக் அவுட்டையும் (மட்டையாளரை அடிக்கவிடாமல் வீழ்த்துவது) வாக்கையும் (தவறான பந்துகளால் இலவசமாகத் தளம் கொடுப்பது) பார்ப்பது இதே காரணத்துக்காகத்தான். அந்த இரண்டும் பிட்சரின் கையில் இருப்பவை.

அடுத்து, வரிசையில் அடுத்தவர் யார் என்று பாருங்கள். முதன்மைப் பந்துவீச்சாளர் துலீப் டிராபிக்கோ இந்திய ஏ அணிக்கோ கிளம்பினால் 18-ஆவது ஓவர் யாரிடம் போகும்? அதை முன்கூட்டி ஊகிப்பவருக்கு யாரும் சீண்டாத விலையில் நல்ல ஆள் கிடைப்பார். கேப்டனின் பழக்கத்தையும் பாருங்கள். 2025-ல் மைசூர் வாரியர்ஸை நடத்தியவரும் அதே மணீஷ் பாண்டேதான். கடைசி ஓவரைச் சுழலரிடம் கொடுக்கத் தயங்காத கேப்டனின் அணியிலிருந்து வேகப் பந்துவீச்சாளரை எடுப்பதானால் அவருக்கு 20-ஆவது ஓவர் உறுதி என்று நம்பவேண்டாம்.

புள்ளி எப்படிப் போடுவது என்பதற்கு என் பரிந்துரை எளிமையானது. 15 ஓவர் முடிந்தபோது மட்டை பிடிக்கும் அணியின் ரன் விகிதம் என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் ஒவ்வொரு ஓவரிலும் அந்த விகிதத்தைவிட எத்தனை ரன் குறைவாகப் போனதோ அத்தனை புள்ளி. கூடினால் அத்தனை கழிவு. பார்படாஸில் தென்னாப்பிரிக்காவின் விகிதம் 9.8. பும்ரா 16-ஆவது ஓவரில் 5.8, 18-ஆவதில் 7.8, ஆகமொத்தம் 13.6 ரன் மிச்சம் பிடித்தார். ஹர்திக் 17-ஆவதில் 5.8, கடைசி ஓவரில் 8 ரன் போனதால் 1.8, மொத்தம் 7.6. அர்ஷ்தீப் ஒரே ஓவரில் 5.8. கண்ணால் பார்த்தவர்கள் சொன்ன வரிசை இப்போது தாளிலும் வந்துவிட்டது.

வெற்றிக்குத் தேவைப்படும் விகிதத்தோடு ஏன் ஒப்பிடக்கூடாது என்று கேட்கலாம். அப்படிச் செய்தால் கடைசி ஓவரில் 16 தேவைப்பட்டு 8 கொடுத்த ஹர்திக் எட்டு ரன் காத்தவராகி எல்லோரையும் முந்திவிடுவார். அந்த 16-ஐ அவருக்குச் சேர்த்து வைத்தவர்கள் முந்தைய நான்கு ஓவரை வீசியவர்கள், அதில் ஒன்று அவருடையதே. முன்னோர் சேர்த்த சொத்தைக் கடைசி ஆளின் பெயரில் எழுதுவதுதான் சேவ் செய்த பிழை. மிதுனின் சூரத் ஓவரையும் இந்தத் தராசில் வைக்கலாம். 15 ஓவருக்குப் பதில் 19 ஓவர் முடிவை எடுத்துக்கொண்டால், விகிதம் ஓவருக்குப் பத்துக்குச் சற்று மேல். அவர் கொடுத்தது 2. எட்டு ரன் லாபம், நல்ல ஓவர். அதற்கு முன் ஓவருக்குப் பன்னிரண்டு ரன் வீதம் போன மூன்று ஓவரை மறைக்கும் அளவுக்கு அல்ல.

இந்தத் தராசிலும் ஓட்டை உண்டு. க்ளாசனின் விக்கெட்டுக்குத் தனி மதிப்பு அதில் இல்லை. எனவே விக்கெட்டுக்கான புள்ளியை ஒழிக்கவேண்டாம். 16-ஆவது ஓவருக்குப் பிறகு முதல் ஆறு மட்டையாளர்களில் ஒருவர் என்றால் முழுப் புள்ளி, அதற்குக் கீழே பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

மைசூருக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை. கங்கோத்ரி கிளேட்ஸ் என்று அறியப்பட்ட இதே மைதானத்தில் 2010 ஜனவரியில் ரஞ்சி இறுதியாட்டம் நடந்தது. இரண்டாம் இன்னிங்ஸில் மிதுன் மும்பையின் 6 விக்கெட்டைச் சாய்த்தார். 338 இலக்கைத் துரத்திய கர்நாடகம், மணீஷ் பாண்டே 144 அடித்தும் 331-ல் நின்றது. தோல்வி 6 ரன்னில். ஐந்து விக்கெட் எடுத்த மும்பையின் அகர்கரைப் பட்டியல் நினைவில் வைத்திருக்கிறது. ஆறு ரன்னில் முடிந்த ஆட்டத்தில், நடுவில் யாரோ சிக்கனமாக வீசிய ஒவ்வொரு ஓவரும் கோப்பையின் விலைதான்.

ஆகவே அடுத்த சீசனுக்கு இரண்டு வகை யோசனை. நண்பர்கள் பழைய அட்டவணையிலேயே ஆடுவதென்றால் தயங்காமல் 20-ஆவது ஓவர் வீசுபவரை எடுங்கள். மலிவு விக்கெட் அங்கேதான் கொட்டுகிறது, அட்டவணையும் அதற்கு முழு விலை தருகிறது. அட்டவணையை மாற்ற அவர்கள் சம்மதித்தால் 16-ஐயும் 18-ஐயும் வீசுபவரை எடுங்கள், கேப்டனாகவும் அவரையே போடுங்கள்.