கட்டத்துக்குள் சிக்காத பெட்ரோல்

சதுரக் கட்டம் போட்டு மண் மாதிரி எடுப்பதே நேர்மையான முறை என்று வாதிடுபவர்கள் பெருகிவிட்டார்கள். பெட்ரோல் பங்கின் நிலத்தடித் தொட்டி கசிகிறதோ என்று சந்தேகம் எழுந்தால் போதும். வரைபடத்தில் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, கணினி சொன்ன எண்ணிக்கையில் துளைகளை முடிவு செய்துவிடுகிறார்கள். உரிமையாளருக்குத் தோதான மூலையில் மட்டும் தோண்டும் தில்லுமுல்லு இதில் நடக்காது என்பது உண்மைதான். நீதிமன்றத்தில் விளக்கவும் எளிது. பூச்சிமருந்து தெளித்த வயலுக்கு நானும் இதையே பரிந்துரைப்பேன்.

பெட்ரோல் அப்படி மேலிருந்து பரவலாகப் படியும் பொருள் அல்ல. தொட்டியின் அடிப்பாகம் தரைக்குக் கீழே மூன்று, நான்கு மீட்டரில் கிடக்கிறது. குழாய் இணைப்பிலோ, துருப்பிடித்த ஒரு மூலையிலோ கசிவு தொடங்கும். அங்கிருந்து எரிபொருள் கீழே இறங்கும், களிமண் அடுக்கு குறுக்கிட்டால் பக்கவாட்டில் வழியும், நிலத்தடி நீரைத் தொட்டதும் அதைவிட லேசானது என்பதால் மேலே மிதந்து நீரோட்டத் திசையில் நகரும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு நீர்மட்டம் உயரும்போது மிதக்கும் பெட்ரோலும் கூடவே ஏறுகிறது. கோடையில் இறங்கும்போது இடைப்பட்ட மண்ணிலெல்லாம் ஒட்டிக்கொண்டு போகிறது. தேட வேண்டியது அந்தப் பட்டையைத்தான். கட்டத் திட்டத்திலோ ஆழம் என்பது எல்லாத் துளைகளுக்கும் ஒரே மாதிரி எழுதப்படும் எண்: அரை மீட்டர், ஒரு மீட்டர். தொட்டியின் அடியைக்கூட எட்டாத துளையில், பெட்ரோலில் கலந்திருக்கும் பென்சீனைத் தேடினால், 'பென்சீன் கண்டறியப்படவில்லை' என்று அறிக்கை வருவதில் என்ன வியப்பு?

செலவை மிச்சப்படுத்த நான்கு துளைகளின் மண்ணை ஒன்றாகக் கலந்து அனுப்பும் வழக்கம் இதைவிடக் கேடு. ஒன்றில் பென்சீன் அளவு 400 ஆக இருந்து மற்ற மூன்றிலும் எதுவும் இல்லையென்றால் அறிக்கையில் 100தான் தெரியும். அதுவும் கலக்கும்போதே பென்சீன் பாதி காற்றில் பறந்துபோகாமல் இருந்தால். சாம்பாருக்கு உப்புப் பார்ப்பது போல மண்ணைக் கிளறிப் பார்க்கலாம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

தண்டையார்பேட்டையில் 2013இல் நிலத்தடி எண்ணெய்க் குழாய்க் கசிவை ஊருக்குக் காட்டியது எந்தக் கட்டமும் அல்ல. போர் தண்ணீரில் எரிபொருள் வருகிறது என்று சொன்ன குடியிருப்புவாசிகள். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலும் மின் நிலையத்தின் எண்ணெயைக் கிணற்றுக்காரர்களே கண்டார்கள். இலங்கை உச்ச நீதிமன்றம் 2019இல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே பொந்தும் வெடிப்புமாகச் சுண்ணாம்புக்கல் கிடக்கும் யாழ்ப்பாணத்தில், எண்ணெய் எந்தப் பொந்து வழியாகப் போகும் என்று பத்து மீட்டர் கட்டம் எப்படிச் சொல்லும்?

முதலில் பார்க்க வேண்டியவை துளைகள் அல்ல. தினமும் டிப் கம்பி விட்டு எழுதிய இருப்புக் கணக்கு, தொட்டி புதைத்த ஆண்டு, குழாய் போகும் தடம், பக்கத்துக் கிணறுகளின் நீர்மட்டம் இவற்றைப் பார்த்தால் எங்கே, எத்தனை மீட்டர் தோண்டுவது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். தோண்டும்போதும் ஆவி அளக்கும் கருவி துள்ளும் ஆழத்தில் மண் எடுத்து, கையோடு அடைத்து மூட வேண்டும்.

இந்த முறை ஆளுக்கு ஆள் மாறும், சார்பு நுழையும் என்பார்கள். நுழையட்டும், ஒவ்வொரு துளைக்கும் எதிரே 'ஏன் இங்கே, ஏன் இந்த ஆழம்' என்று எழுதச் சொன்னால் சார்பு வெளிச்சத்துக்கு வந்துவிடும். கட்டம் போட்டவரின் திட்டத்தில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கும்.