காரணம் என்னும் கட்டம்

கோவை டவுன்ஹால் பக்கம் ராஜ வீதி வழியாகப் போனவர்கள் இந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள்: துணி வணிகர் சங்க அரசு மகளிர் மேல்நிலைப்பள்ளி. தமிழ் நடத்திப் பிழைக்கிறவளுக்கு எந்தப் பெயரையும் பிரித்துப் படிக்கிற பழக்கம் விடாது. இந்தப் பெயரில் ஒரு நகரத்தின் வரலாறு அடுக்கடுக்காக இருக்கிறது. 'துணி வணிகர் சங்கம்' என்பது ஒப்பணக்கார வீதியும் பெரிய கடை வீதியும் நூலாலும் துணியாலும் வளர்ந்த கதை. 'அரசு' என்பது கல்வி பொதுப் பொறுப்பான கதை. 'மேல்நிலை' 1978க்குப் பிறகு வந்த சொல். மிச்சமிருப்பது 'மகளிர்'. அந்தச் சொல் அங்கே எந்தக் கதையும் சொல்வதில்லை. ஆண்கள் பள்ளி அல்ல என்று அறிவிப்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது.

இது ஒரு பள்ளிக்கு மட்டும் உரிய குறை அல்ல. நம் பெண்கள் பள்ளிகளின் வரலாறு எழுதப்படும் முறையே இதுதான். பொன்விழா, நூற்றாண்டு விழா மலர்களை ஓர் இலக்கிய வகையாகவே எடுத்துக்கொண்டு படிக்கலாம். முதல் பக்கங்களில் வாழ்த்துரைகள். பிறகு நிலம் தந்தவர், கட்டடம் தந்தவர், தண்ணீர்த் தொட்டி தந்தவர் படங்கள். பிறகு தலைமை ஆசிரியர்களின் பட்டியல். கடைசியில் மாநில, மாவட்ட அளவில் மதிப்பெண் பெற்ற மாணவியர். கொடுத்தவர்களும் வென்றவர்களும் இருக்கிறார்கள். பாதியில் நின்றவள் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1998 பிப்ரவரிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு, உக்கடத்திலும் கோட்டைமேட்டிலும் எத்தனை வீடுகள் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கின? நான் படித்த எந்த மலரும் இதைக் கேட்கவில்லை. ஒரு பெண்கள் பள்ளியின் வரலாற்றில் கட்டடம் எப்போது எழுந்தது என்பதைவிட, ஒரு பெண் எத்தனை வயதுவரை அதற்குள் இருக்க முடிந்தது என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

அப்படிக் கேட்டால் 1978 முக்கியமான ஆண்டாகிறது. அதுவரை பதினோராம் வகுப்பில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர்கள் பி.யூ.சி. படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும். கோவையில் பெண்களுக்குக் கல்லூரிகள் இல்லாமல் இல்லை. நிர்மலா 1948இல், அவினாசிலிங்கம் 1957இல், கிருஷ்ணம்மாள் 1963இல் தொடங்கியவை. ஆனால் பள்ளிக்கும் கல்லூரிக்கும் நடுவே ஒரு வாசற்படி இருந்தது. 'காலேஜுக்கா?' என்று வீடு கேட்கும் இடம் அது. மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்தப் படி ஓர் ஆண்டு தள்ளிப்போனது. அதே பள்ளி, அதே சீருடை, அதே தெரு என்பதால் பல வீடுகளில் கேள்வியே எழவில்லை. அதே 1978இல்தான் பெண்ணின் குறைந்தபட்சத் திருமண வயதைப் பதினெட்டாக உயர்த்திய சட்டத் திருத்தமும் வந்தது. பிளஸ் டூ முடிக்கிற வயதும் ஏறத்தாழ அதுவே. பள்ளிக்கூடத்தின் கடைசி மணியும் கல்யாணத்தின் முதல் மேளமும் அடுத்தடுத்து ஒலிக்கும்படி ஆனது.

அரசுத் திட்டங்களின் பெயர்களிலும் இந்த நெருக்கம் தெரியும். 1989இல் தொடங்கிய திருமண நிதியுதவித் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயர் வைத்தார்கள். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடி, 1936இல் 'தாசிகள் மோசவலை' நாவலை எழுதியவர் அவர். பெண்ணின் உடல்மீது சமூகம் எழுதிவைத்த விதியை அழிக்கப் பார்த்தவர் பெயரில், பெண்ணுக்குக் கல்யாணச் செலவு. 2011இல் தாலிக்கு நான்கு கிராம் தங்கமும் சேர்ந்தது. பின்னாளில் பத்தாம் வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இதை வெறுமனே கேலி செய்ய என்னால் முடியாது. "பத்து முடிச்சாத்தான் பணம் வரும், அதுவரைக்கும் போகட்டும்" என்று என் உறவிலேயே பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தப் 'போகட்டும்' சில பெண்களுக்கு இரண்டு வருடம் வாங்கிக் கொடுத்தது உண்மை. ஆனால் படிப்பு அங்கே தாலிக்கான தகுதிச் சான்றாகத்தான் நின்றது.

கொங்கு நாட்டில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. நம் நூற்பாலைகள் மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொன்ன முறைக்கு ஊர் வைத்த பெயர் 'சுமங்கலித் திட்டம்'. கூலி என்ற சொல் அந்தப் பெயரில் இல்லை. கூலி சீர் ஆகிவிட்டது. இடையில் உடம்புக்கு முடியாமல் திரும்பியவர்கள் பலருக்குத் தொகையும் கிடைக்கவில்லை. துணியால் வளர்ந்த ஊரில் துணி வணிகர்கள் பெயரில் ஒரு பெண்கள் பள்ளி இருப்பது பெருமைதான். அந்தத் துணிக்கு நூல் நூற்றவர்களில் பள்ளியை விட்டுப் போன பெண்கள் எத்தனை பேர் என்பதையும் அதே மூச்சில் கேட்க வேண்டியிருக்கிறது.

கேட்க ஓர் ஆவணம் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் சேர்க்கை, நீக்கப் பதிவேடு உண்டு. பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, சேர்ந்த வகுப்பு, நீங்கிய தேதி, நீங்கியதற்கான காரணம். அந்தக் கடைசிக் கட்டத்தைப் படிக்க நான் கற்றுக்கொண்டது என் அம்மாவின் டி.சி.யிலிருந்து. வேறொரு சிற்றூர்ப் பள்ளியில் 1971இல் எட்டாம் வகுப்போடு நின்றவர் அம்மா. வயது பதிமூன்று. மஞ்சள் படிந்த அந்தத் தாளில் காரணம் என்ற இடத்தில் இரண்டே சொற்கள்: பெற்றோர் விருப்பம்.

"உங்க அப்புச்சி போயிக் கேட்டாரு, வாத்தியார் எழுதிக் குடுத்துட்டாரு. என்னைய ஆரும் கேக்கல கண்ணு" என்றார் அம்மா. வயதுக்கு வந்தது, தம்பியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, ஊர் பேசும் பேச்சு எல்லாம் அந்த இரண்டு சொற்களுக்குள் அடங்கிவிட்டன. என் விமர்சனப் பயிற்சியில் இதைவிடச் செறிவான ஒரு பிரதியை நான் படித்ததில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை மாற்றிய வாக்கியத்தில் எழுவாயாக அவள் இல்லை.

2022 செப்டம்பரில் அதே இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறியது. ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரிக் காலம் முழுக்க மாதம் ஆயிரம் ரூபாய், அவள் வங்கிக் கணக்கிலேயே வருகிறது. ஆயிரம் ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் என் வகுப்பு மாணவி ஒருத்தி சொன்னாள்: "பஸ்ஸுக்கு அப்பாகிட்டக் கேக்கறதில்லைங் மேடம்." கேட்க வேண்டியதில்லை என்பதைத்தான் நான் குறித்துக்கொண்டேன். இனி சரிபார்க்க வேண்டியது, பன்னிரண்டாம் வகுப்பைத் தொடாமலே நிற்கிறவர்களை. இந்தத் திட்டத்தின் கணக்கிலும் அவர்கள் வருவதில்லை.

இதைப் படிக்கிற மாணவியர் தங்கள் பள்ளியின் அடுத்த விழா மலருக்குக் கட்டுரை எழுதக் கேட்கப்பட்டால், கட்டடத்திலிருந்து தொடங்காதீர்கள். ஆறாம் வகுப்பில் உங்களோடு பெஞ்சில் உட்கார்ந்து, பத்தாம் வகுப்பில் இல்லாமல் போன தோழியின் பெயரிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் அம்மாவின், அம்முச்சியின் டி.சி. பீரோவுக்குள் இருந்தால் எடுத்துப் பாருங்கள். காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு, அது உண்மைதானா என்று அவர்களையே கேளுங்கள். என் அம்மாவிடம் அதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு முப்பத்தெட்டு வயது. அதுவரை அவரிடம் அதை யாரும் கேட்டிருக்கவில்லை.