பூனைக்குக் கதவடைப்பதா?

'பூனையை வெளியே விடாதீர்கள். பறவைகள் அழிந்துபோகும்' என்னும் மேல்நாட்டு யோசனை இப்போது நம் ஊர்களையும் எட்டிப் பார்க்கிறது. அதன் பின்னே உள்ள கணக்கு பொய்யன்று. இங்கிலாந்தில் பெல்மர்ஷாம் என்னும் சிற்றூரில் சுமார் 70 பூனைகள் ஓராண்டில் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை மட்டும் ஆயிரத்துக்கு மேல் என்று 1987இல் வெளியான ஆய்வு கூறுகிறது. கொன்ற இடத்திலேயே விட்டுவந்தவை இதில் சேரா.

ஆனால் அந்த யோசனை குளிர்நாட்டு வீட்டுக்கு எழுதப்பட்டது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஓட்டு வீட்டில் சுவருக்கும் கூரைக்கும் இடையே உள்ள சந்து போதும், பூனை போய்வர! மேலும் இங்கே பூனை வெறும் செல்லப் பிராணியன்று. நெல் மூட்டைக்குக் காவலாள்.

கூலியில்லாக் காவலாள் என்பதுதான் சிக்கல். 'வயிறு நிறைந்தால் எலி பிடிக்காது' என்று சொல்லி, ஒரு கை மோர்ச்சோற்றோடு நிறுத்திக்கொள்கிறோம். இது சரியா? 1976இல் அடமெக் என்பவர் வெளியிட்ட சோதனையில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளும் எலியைக் கண்டதும் எழுந்துபோய்க் கொன்றன. பசி வேறு, வேட்டை உந்துதல் வேறு. சுண்டெலிக்காக நாம் பூனையைப் பட்டினி போட வேண்டியதில்லை.

மோர்ச்சோற்றில் வேறொரு குறையும் உண்டு. டாரின் என்னும் பொருளைப் பூனையின் உடல் போதிய அளவில் ஆக்கிக்கொள்ளாது. இறைச்சி, மீன் வழியாகவே பெற வேண்டும். அது கிடைக்காத பூனைக்கு விழித்திரை கெடும் என்பது 1975இலேயே தெரிந்துவிட்டது. 2021இல் எக்சிட்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில், இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் சில நிமிடம் விளையாட்டுக் காட்டியபோது 25 விழுக்காடு குறைந்தது. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. (பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இத்தனை காலம் கவலைப்பட்டோமே!)

காவலாளின் திறமையையும் மிகைப்படுத்த வேண்டாம். கிலோ எடைப் பெருச்சாளியோடு மோதப் பூனை எளிதில் துணியாது. நியூயார்க்கின் புரூக்ளினில் பெரிய எலிகள் மலிந்த ஓரிடத்தில் 79 நாள் கண்காணித்தபோது பூனைகள் கொன்றவை இரண்டே எலிகள். எளிய இரை ஓணானும், அரணையும், புதரில் தாழக் கூடு கட்டும் கொண்டைக்குருவியின் குஞ்சும், வறண்ட ஏரியின் வெறுந்தரையில் பொரிக்கும் ஆள்காட்டிக் குஞ்சும்தான். வேடந்தாங்கலில் நீர் நடுவே மரத்தில் கூடு கட்டும் நாரைக்கு இந்த அச்சம் குறைவு.

ஆகவே கதவைப் பற்றிய விவாதத்தைவிட மாலையில் போடும் மீன்தலை பயனுள்ளது. அதைத் தின்ற பூனையை விடியும்வரை நெல் அறையில் அடைத்தால் எலிக்காவலும் நடக்கும். எஞ்சியது குட்டிகள். ஏரிக்கரையில் சாக்கோடு விட்டுவரும் குட்டிகளில் பிழைத்தவை வேட்டையாடியே வாழ வேண்டும். அமெரிக்காவில் பூனைகள் கொல்லும் பறவைகளில் பெரும்பங்கு உரிமையாளரற்ற பூனைகளுடையது என்று 2013இல் கணக்கிட்டனர். கருத்தடைக்குக் கால்நடை மருத்துவரை அணுகுவது, சாக்கைத் தேடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை.