முதல் தடவை என்பது ஒரு கணக்கு

மெட்ரோ ரயிலில் உட்கார்ந்துகொண்டு, “இதில் இப்போதுதான் முதல் தடவையாகப் போகிறேன்” என்கிறோம். இதை ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால் நம் பிள்ளைகள் பெரும்பாலும், “திஸ் இஸ் தி ஃபர்ஸ்ட் டைம் ஐ ஆம் டிராவலிங் பை மெட்ரோ” என்பார்கள். வகுப்பில் ஒருமுறை இதை “ஐ ஹேவ் டிராவல்ட்” என்று திருத்தினேன். ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், இன்னும் ரயிலை விட்டு இறங்கவே இல்லையே. எப்படி முடிஞ்சுபோச்சுன்னு சொல்றது?”

நியாயமான கேள்வி. ஆனால் நம் வகுப்புகளில் இதற்குக் கிடைப்பது ஒரு சூத்திரம்தான்: “ஃபர்ஸ்ட் டைம் வந்தால் ஹேவ் போடு.”

இந்தச் சூத்திரத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. சட்டென்று மனத்தில் பதியும். கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்வியில் மதிப்பெண் வாங்கித் தரும். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவைக்கும் அப்படியே பொருந்தும். தயங்கி நிற்கும் பிள்ளைக்கு அது நல்ல கைப்பிடி.

குறை எங்கே என்றால், அது காரணத்தைச் சொல்வதில்லை. ‘ஹேவ்’ வரும் இந்த வடிவத்துக்கு இலக்கணத்தில் ‘பெர்ஃபெக்ட்’ என்று பெயர்; அப்படியென்றால் முடிந்துபோனது என்றே சொல்லிக்கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் அந்த மாணவி குழம்பினாள். இந்த இடத்தில் ஆங்கிலம் பயணம் முடிந்ததா என்று பார்ப்பதில்லை. வாழ்க்கையில் இதுவரை எத்தனை தடவை என்று எண்ணுகிறது. இந்தப் பயணத்தையும் சேர்த்தால் கணக்கு ஒன்று. அந்த ‘இதுவரை’க்குத்தான் ‘ஹேவ்’. “மூணாவது தடவையா சொல்றேன், எழுந்திரு” என்று அம்மா அதட்டும்போது தமிழ் அந்த நொடியைப் பார்க்கிறது. ஆங்கிலம் மூன்று தடவையையும் கூட்டிப் பார்க்கிறது.

காரணம் தெரியாத சூத்திரம் எல்லை தாண்டும். “நேற்றுதான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தேன்” என்பதற்கும் ‘ஹேவ் சீன்’ என்று எழுதுகிறார்கள். நேற்று என்று நாளைக் குறித்துவிட்டால் ‘சா’ என்ற இறந்தகாலமே சரி. “இட் வாஸ் தி ஃபர்ஸ்ட் டைம்” என்று தொடங்கினால் எண்ணிக்கை அந்த நாளோடு நிற்கிறது. அங்கே வரவேண்டியது ‘ஹேட்’.

என்னை வருத்தும் இன்னொரு குறை: “தமிழில் யோசிப்பதால்தான் தப்பு வருகிறது” என்ற கண்டிப்பு. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும்கூட இந்த இடத்தில் நிகழ்காலம்தான். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்டவர்களின் பேச்சிலும் ‘ஐ ஆம்’ காதில் விழுவதுண்டு. எழுத்திலும் தேர்விலும்தான் ‘ஹேவ்’ கட்டாயம் என்று நேராகச் சொல்லிவிடலாம்.

உண்மையில் வழிகாட்டக்கூடியதே தமிழ்தான். “இதுவரை இரண்டு தடவை ஊட்டிக்குப் போயிருக்கிறேன்” என்பதில் உள்ள ‘இருக்கிறேன்’ ஏறக்குறைய அதே ‘ஹேவ்’தான். இந்த உணர்வு நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது. சூத்திரம் இருக்கட்டும், அதற்கு முன்னால் “இதுவரை எத்தனை தடவை?” என்று கேட்கப் பழக்குவோம். அந்தக் கேள்விக்கு ரயிலை விட்டு இறங்காமலே அந்த மாணவியால் பதில் சொல்ல முடியும்.